சாயப்பட்டறைக்காரரின் கட்டைவிரல் நகம்

நர்ஸ் படிப்பு முடித்த இரண்டு பிள்ளைகள், நான் முன்பு வேலை பார்த்த தெருவில் புதிதாகத் திறந்திருக்கும் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார்கள். போன மாதம் ரத்த அழுத்தம் பார்க்க அங்கே போயிருந்தேன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் விரலில் ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் கிளிப்பை மாட்டிவிட்டு, எண் சரியாக வரவில்லை என்று மெஷினைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நகத்தில் இருந்த அடர்நீலப் பாலிஷைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள் என்றேன். எண் வந்தது. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி விடவில்லை. கம்பவுண்டராக இருந்த காலத்தில் நகத்தில் என்னென்ன பார்த்தீர்களோ எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டாள். பார்த்தவற்றைக் கொஞ்சம் எழுதுகிறேன். பார்த்தும் சொல்லாமல் விட்ட ஒன்றைத்தான் முழுதாக எழுத வேண்டும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்தவன் நான்தான் முதல். அப்பா ராயகிரிப் பக்கம் ஆடு மேய்த்தார். எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும், சங்கரன்கோவிலில் தனியாக ஒரு சின்ன கிளினிக் நடத்திய டாக்டரம்மாவிடம் என்னைக் கொண்டுவந்து விட்டார். எழுபதுகளின் நடுப்பகுதி அது. முதல் இரண்டு வருஷம் பாட்டில் கழுவினேன், மருந்துப் பாட்டிலில் ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்டும் காகிதத்தை வெட்டி ஒட்டினேன், சிரிஞ்சு வேகவைத்தேன். மூன்றாம் வருஷம் புண் துடைக்கவும் கட்டுக் கட்டவும் விட்டார்கள். படிப்பு அவ்வளவுதான்.

டாக்டரம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். எந்நேரமும் ஜலதோஷம். கைக்கடிகாரத்தின் முகத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். நாடி பார்க்கும்போது கையைத் திருப்ப வேண்டாம் என்பதற்காக. வந்தவர் உட்கார்ந்ததும் என்ன செய்யுது என்று கேட்க மாட்டார். ஜன்னலோரம் ஒரு சின்ன மேஜை, அதில் வெள்ளைத் துண்டு. "ரெண்டு கையையும் வைங்க" என்பார். நான் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பல்துலக்கும் பிரஷ்ஷும் எடுத்து வர வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட பஞ்சு. கழுவித் துடைத்த பிறகுதான் குனிந்து பார்ப்பார். ஒரு நகத்தை அமுக்கி வெளுக்க விட்டு, கையை எடுத்ததும் சிவப்பு திரும்ப எத்தனை எண்ணிக்கை ஆகிறது என்று உதடு அசையாமல் எண்ணுவார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே என்னிடம் சொல்லுவார். நான் நீள நோட்டில் எழுத வேண்டும். வலது, மூன்றாம் விரல், நகம் அடியை விட்டுத் தூக்கியிருக்கிறது, பச்சை. இப்படி. பார்த்தது நோட்டுக்குப் போகும், மருந்து நோயாளி கைக்குப் போகும். என்ன பார்த்தோம் என்று நோயாளியிடம் சொல்லுகிற வழக்கம் அன்றைக்கு இல்லை. அவர்களும் கேட்க மாட்டார்கள்.

அந்தத் துண்டின் மேல் இந்த வட்டாரமே கை வைத்தது. வாசுதேவநல்லூர்ப் பக்கம் நடவு நடக்கும் மாதங்களில், சேற்றில் நின்று நின்று நகக்கண் வீங்கிய பெண்கள் வருவார்கள். நகச்சுத்தி கண்டவர்கள் விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு வருவார்கள். எலுமிச்சை விளைகிற புளியங்குடிக்காரர்கள் என்றால் பழம் பெரிதாக இருக்கும். பழத்தைக் கழற்றினால் உள்ளே சீழ் முட்டிக்கொண்டு நிற்கும். கத்தி நுனியால் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கினால் போதும், அந்த நிமிஷமே முகம் தெளிந்துவிடும். ஆட்டு மந்தையோடு அலையும் கீதாரிகளின் கால்விரல் நகம் ஆட்டுக் கொம்பு போலத் தடித்து மஞ்சளாக இருக்கும். அது படை நோயின் உறவு, மாதக்கணக்கில் மருந்து போட வேண்டும் என்றால் எழுந்து போய்விடுவார்கள். கால் பெருவிரல் நகத்தை ஓரம் வளைத்து வெட்டி, அது சதைக்குள் புதைந்து வருகிறவர்களிடம், நேராக வெட்டுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. வெளுத்துக் குழிந்த நகம் என்றால் டாக்டரம்மா அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவார். சொட்டு உருளாமல் குழியில் நின்றால் ரத்தம் இல்லை என்று அர்த்தம். பூச்சி மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் எழுதுவார்.

எனக்கென்று ஒரு வேலை அமைந்தது. விரல் நசுங்கி நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டி, விண்விண் என்று தெறிக்கும் வலியோடு வருகிறவர்கள் உண்டு. கதவிடுக்கில் மாட்டியவர், சுத்தியலால் அடித்துக்கொண்டவர். ஒரு குண்டூசியை இடுக்கியால் பிடித்து, ஸ்பிரிட் விளக்கில் நுனி சிவக்கும்வரை காட்டி, கறுத்த இடத்தின் நடுவில் வைத்தால் நகம் உருகி ஓட்டை விழும். அழுத்தக் கூடாது. நகத்தைத் தாண்டியதும் ரத்தம் பீச்சிக்கொண்டு வரும், அதுவே ஊசியைக் குளிர்வித்துவிடும். வலி உடனே போய்விடும். ஊசிக் கம்பவுண்டர் என்று எனக்குப் பெயரே வந்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

சுப்பையா அண்ணாச்சி வந்தது ஒரு புரட்டாசி மாதம். டாக்டரம்மா ஒரு பிரசவத்துக்காகப் புளியங்குடிக்குப் போயிருந்தார். அண்ணாச்சி ஊரின் மேற்கே ஒரு சாயப்பட்டறையில் தலைமைக் கைக்காரர். நாற்பத்தைந்து வயது, ஒட்டடைக்கம்பு மாதிரி ஆள். நெசவுக்குப் போகிற நூலைச் சாயத்தில் முக்கி எடுத்துப் பிழிவது அவர் வேலை. பத்து விரல் நகமும் கருநீலம். முந்தின நாள் சாயத்தொட்டியின் பலகை வலது கட்டைவிரலில் விழுந்துவிட்டது.

"ஊசிய வச்சு ரத்தத்த எடுத்து விட்டுரும்வே. தீவாளி நூலு மலையாக் கெடக்கு" என்றார்.

கழுவினேன். சாயம் எங்கே போகும். பத்து நகமும் கறுப்பாக இருக்கும்போது ஒரு நகத்தின் கறுப்பைத் தனியாக எங்கே பார்ப்பது என்று நினைத்துக்கொண்டேன். கட்டைவிரல் கறுப்பு, நகத்தின் அடியிலிருந்து நுனிவரை பட்டையாக ஓடியது. ஊசியைக் காய்ச்சி, நகக்கண்ணை ஒட்டி வைத்தேன். ஓட்டை விழுந்தது. ரத்தம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இறக்கினேன். அண்ணாச்சி கையை வெடுக்கென்று இழுத்தார். நீர் மாதிரி ஒரு துளி கசிந்தது, அவ்வளவுதான். அதற்குமுன் ஒரு தடவையும் எனக்கு அப்படி ஆனதில்லை. காய்ந்த ரத்தம், நகம் வளர வளரத் தள்ளிக்கொண்டு போய்விடும் என்று சொல்லிக் கட்டிவிட்டேன். அவர் சிரித்தார். ரத்தமும் இல்லை ஒன்றும் இல்லை, சாயம் வேர் பிடித்திருக்கிறது என்று பட்டறையில் சொல்கிறார்கள் என்றார். கட்டைவிரலில் அப்படி ஒரு கோடு விழுந்தால் அந்தக் கைக்கு நிறம் கட்டுப்படும் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு. இரண்டு வருஷமாக அந்தக் கோடு இருக்கிறதாம். அதைப் பெருமையாகச் சொன்னார்.

இரண்டு வருஷம் என்ற சொல் என் காதில் விழுந்தது. முந்தின நாள் விழுந்த பலகைக்கு இரண்டு வருஷத்துக் கோடு எப்படி வரும் என்று மனதுக்குள் ஒன்று இடறியது. நான் நோட்டை எடுக்கவில்லை. டாக்டரம்மா வந்ததும் சொல்லவும் இல்லை. ஊசிக் கம்பவுண்டர் வைத்த ஊசிக்கு ரத்தம் வரவில்லை என்று என் கையால் எழுத எனக்கு மனம் வரவில்லை. காரணம் அதுதான், வேறில்லை.

மார்கழி பிறந்த பிறகு அண்ணாச்சி இருமலுக்கு மருந்து வாங்க வந்தார். டாக்டரம்மா கையைத் துண்டில் வைக்கச் சொன்னார். நான் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவர் குனிந்துவிட்டார். வெகுநேரம் நிமிரவில்லை. பிளேடு வாங்கி நகத்தின் மேலே மெதுவாகச் சுரண்டினார். நீலம் பொடியாக உதிர்ந்தது. அதற்குக் கீழே இருந்த கறுப்பு உதிரவில்லை.

"முருகையா, இந்த ஓட்டையப் போட்டது யாரு?"

நான்தான் என்றேன்.

"எந்த இடத்துல போட்ட?"

நகக்கண்ணை ஒட்டி என்றேன். என்றைக்கு என்று கேட்டார். சொன்னேன். என் கையைப் பிடித்து இழுத்து அந்த நகத்தின் மேல் வைத்தார். என் ஓட்டை ஒரு நெல் நீளத்துக்கு நுனியை நோக்கி நகர்ந்திருந்தது. கறுப்பு நகரவில்லை. ரத்தமாக இருந்தால் ஓட்டையோடு அதுவும் நகர்ந்திருக்கும். சாயமாக இருந்தாலும் அப்படித்தான். இது அடியிலிருந்து புதிது புதிதாக ஊறிக்கொண்டிருக்கிறது. நகத்தைத் தாண்டித் தோலிலும் மை கசிந்த மாதிரி ஏறியிருந்தது. டாக்டரம்மா அண்ணாச்சியின் சட்டையைக் கழற்றச் சொல்லி முழங்கை மடிப்பையும் அக்குளையும் விரலால் துழாவினார். கட்டி இல்லை. பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அண்ணாச்சி போனபிறகு என்னை நிற்கவைத்து, கத்தாமல் பேசினார். அது நகத்துக்கு அடியில் வருகிற புற்று. இரண்டரை மாதம் போய்விட்டது. இனி அக்குளுக்கு ஏறுவதற்குள் விரலை எடுத்தால் ஆள் பிழைப்பான், ஏறிவிட்டால் பிழைக்க மாட்டான்.

"நீ பண்ணினத நான் அவர்ட்ட சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்" என்றார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பாளையங்கோட்டையில் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்து, டாக்டரம்மா சொன்னதையே சொன்னார்கள். கட்டைவிரலை அடியோடு எடுக்க வேண்டும், உடனே படுக்க வேண்டும் என்றார்கள். அண்ணாச்சி படுக்கவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு வந்து தொட்டியில் இறங்கிவிட்டார். நான் பட்டறைக்கு ஓடினேன்.

"பெருவெரலு இல்லாதவன் நூலப் பிழிய முடியுமாவே? செத்தா ஒரு நாளு சாவேன். வெரலு போனா தெனந்தெனம் சாவணும்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சிட்டம் என்கிற நனைந்த நூல் கற்றையை முளையில் மாட்டி, மறுமுனையில் ஒரு கோலைச் செருகி முறுக்குவார்கள். முறுக்க முறுக்க நூல் எதிர்த்துக்கொண்டு திரும்பும். நாலு விரல் கோலைப் பிடிக்கும், கட்டைவிரல்தான் மேலே வந்து பூட்டும். பூட்டு இல்லையென்றால் கோல் சுழன்று முகத்தில் அடிக்கும். அவருடைய மனைவி பேச்சியக்கா வாசலில் உட்கார்ந்து நூலைப் பிரித்துக்கொண்டிருந்தவர், நீராவது சொல்லும் தம்பி என்று என்னைப் பார்த்தார். நான் ஒரு நாளும் நூல் பிழிந்தவனில்லை.

மறுநாள் காலையில் வலது கட்டைவிரலை உள்ளங்கையோடு மடக்கி, பிளாஸ்திரி போட்டுச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். கிளினிக் மத்தியானம் ஒரு மணிக்கு மூடி நாலரைக்குத் திறக்கும். அந்த இடைவெளியில் பட்டறைக்குப் போய், எனக்கு ஒரு கோல் கொடுங்கள் என்றேன். கட்டைவிரல் இல்லாமல் பிழிய முடியும் என்று காட்டுகிறவரை வருவேன் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். பட்டறையே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது.

"கம்பவுண்டரு, ஆஸ்பத்திரியில சம்பளம் பத்தலையோ?" என்றான் ஒருத்தன்.

முதல் சிட்டத்திலேயே கோல் சுழன்று என் தாடையில் அடித்தது. இரண்டாம் நாள் மணிக்கட்டில். மூன்றாம் நாள் முளையோடு பிடுங்கிக்கொண்டு நான் பின்னால் விழுந்தேன். சாயம் என் சட்டையிலும் நகத்திலும் ஏறியது. கிளினிக்கில் ஒற்றைக் கட்டைவிரலோடு மிக்ஸ்சர் மருந்து கலக்கினேன். டாக்டரம்மா பார்த்தார், ஏன் என்று கேட்கவில்லை. "சிரிஞ்ச நீ கழுவாத, ஒடச்சிருவ" என்று மட்டும் சொன்னார். சந்தைக்கு வந்த அப்பா என் கையைப் பார்த்துவிட்டு, படிக்கவைத்தது கை வெள்ளையாக இருக்கத்தானே என்று கேட்டுவிட்டு, நான் வாங்கிக் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் போனார். அது எனக்கு வலித்தது. இருந்தும் மறுநாள் மத்தியானமும் போனேன்.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, நான் நாசமாக்கிய சிட்டத்தைப் பார்த்து அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. என் மேல் இரக்கம் எல்லாம் இல்லை. நூல் பாழாவதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"ஏன்வே கையக் கொண்டு மல்லுக்கு நிக்கீரு? கோல முழங்கைக்கு அடியில குடும். ஆங். எடது கையால நுனியப் பிடியும். இப்பம் ஒடம்பத் திருப்பும்வே, கையத் திருப்பாதிரும்."

திரும்பினேன். கோல் முன்னங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் பூட்டிக்கொண்டது. நூலிலிருந்து நீலத் தண்ணீர் கயிறு போல இறங்கியது. அவர் என்னைத் தள்ளிவிட்டு, தன் கட்டைவிரலை மடக்கிக்கொண்டு, அடுத்த சிட்டத்தை அதே மாதிரி பிழிந்தார். என்னைவிட நான்கு மடங்கு வேகம். இன்னொன்று. பிறகு மூன்றாவது. யாரும் சிரிக்கவில்லை. பேச்சியக்கா மடியில் இருந்த நூலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"திங்கக்கெழம பாளையங்கோட்டைக்குப் போவம்" என்றார் அண்ணாச்சி, கோலைப் பார்த்துக்கொண்டே.

இத்தனை நாளும் நான் அவரிடம் அந்தப் புரட்டாசி மாதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் என்னை நம்பாமல் போய்விடுவார், விரலைக் கொடுக்க மாட்டார், அதனால் அவருக்காகத்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி என்ன என்று எனக்குத் தெரியும்.

விரலை எடுத்தார்கள். அக்குளில் ஒன்றும் இல்லை என்றார்கள். பின்னாலும் அங்கே கட்டி வரவேயில்லை. வாசிக்கிறவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் பல வருஷம் அதே பட்டறையில் உடம்பைத் திருப்பித் திருப்பி நூல் பிழிந்தார்.

அவரை ஊருக்கு அழைத்து வர நான்தான் போனேன். பஸ் மானூரைத் தாண்டியது. தேவர்குளத்தில் ஆட்கள் இறங்கி, எங்கள் சீட்டைச் சுற்றி இடம் காலியானது. இனி அவர் ஆஸ்பத்திரிக்குப் பயந்து ஓட வேண்டியதில்லை. எனக்குச் சாக்கும் இல்லை. சொன்னேன். ரத்தம் வராதபோதே எனக்குச் சந்தேகம் வந்தது, இரண்டு வருஷம் என்று நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, டாக்டரம்மாவிடம் மறைத்தேன், நோட்டில் எழுதவில்லை. பெயர் கெட்டுவிடும் என்று பயந்தேன். ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"முந்தியே பாத்திருந்தா வெரலு மிஞ்சியிருக்குமா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். பாதி விரல் மிஞ்சியிருக்கலாம், மிஞ்சாமலும் போயிருக்கலாம், டாக்டரம்மாவுக்கும் தெரியவில்லை.

அவர் எழுந்தார். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இடது கையால் ஒவ்வொரு கம்பியாகப் பிடித்துப் பஸ்ஸின் முன்பக்கம் போய் நின்றார். சீட் காலியாகத்தான் இருந்தது. பனவடலிசத்திரத்திலும் உட்காரவில்லை. சங்கரன்கோவில் வரும்வரை அப்படியே நின்று, இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

வியாழக்கிழமை கட்டு மாற்ற வேண்டிய நாள். வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. நான் போய்ப் பார்க்கட்டுமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். போகாதே, வருவது அவர் இஷ்டம் என்றார். அன்றைக்கு நோட்டில் புரட்டாசிப் பக்கத்தைத் திறந்து, விட்டுப்போன வரியை, அன்று என்ன நடந்ததோ அதை, இன்று எழுதுகிறேன் என்ற குறிப்போடு எழுதி வைத்தேன். டாக்டரம்மா கீழே கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை காலையில் கிளினிக் நிறையக் கூட்டம். அண்ணாச்சி உள்ளே வந்தார். டாக்டரம்மா கையை நீட்டியும் அவர் பக்கம் போகவில்லை. என் முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நீரே கட்ட அவுத்துரும். ஆனா பாக்கத பூராவும் வாயத் தெறந்து சொல்லணும். நோட்டுல எழுதறது எனக்கு வாசிக்கத் தெரியாது."

கட்டை அவிழ்த்தேன். கடைசிச் சுற்றுப் புண்ணோடு ஒட்டியிருந்தது; உப்புத் தண்ணீர் விட்டு நனைத்து மெதுவாக எடுத்தேன். தையல் ஏழு இருக்கு அண்ணாச்சி என்றேன். ஆறு தையல் நன்றாகக் கூடியிருக்கிறது, தோல் இளஞ்சிவப்பாக இருக்கிறது, வீக்கம் கொஞ்சம். அதற்கு மேல் என் வாய் நின்றது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழாவது?" என்றார்.

"ஏழாவதுல சீழ் இருக்கு அண்ணாச்சி. நீங்க ரெண்டு நாள் பிந்தி வந்ததால. இப்பம் அத வெட்டி விடணும், வலிக்கும்."

அவர் கையை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"வெட்டும்" என்றார்.